குழந்தைக்கு நீர்க்கோப்பு, அம்மாவுக்கும் வீக்கமா?

26 வாரத்தில் குழந்தையின் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்திருப்பதாக ஸ்கேன், கையோடு மனைவிக்கும் முகம், கால் வீக்கம் என்கிறீர்கள். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்பதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள் சகோ, இன்றே காட்டுங்கள்.

இது மிரர் சிண்ட்ரோமாக இருக்கலாம், அதாவது குழந்தையின் நீர்க்கோப்பு கண்ணாடி பிம்பம்போல் தாயிடமும் வீக்கமாகத் தெரிவது. ஸ்காட்லாந்து மருத்துவர் பாலன்டைன் 1892-இல் எழுதிவைத்த அரிய சிக்கல். பார்க்க பிரீஎக்ளாம்சியா (கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய்) மாதிரியே இருக்கும், குழம்பிப்போவது சகஜம். பிரீஎக்ளாம்சியாவில் பெரும்பாலும் இரத்தத்தில் நீர் குறைந்து கெட்டிப்படும். மிரர் சிண்ட்ரோமில் பெரும்பாலும் நீர்த்துப்போய் ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இறங்கும். சிபிசி (முழு இரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பாருங்கள்.

மனைவியின் இரத்த வகை ஆர்எச் நெகட்டிவா? பார்வோ வைரஸ் தொற்று சோதித்தார்களா? இரண்டுமே குழந்தைக்கு இரத்தசோகை தரலாம். குழந்தையின் இரத்தசோகைதான் காரணமென்றால் கருப்பையிலேயே இரத்தம் ஏற்றலாம்; குழந்தை தேறினால் தாயின் வீக்கமும் வடியக்கூடும். அதற்கு ஃபீட்டல் மெடிசின் (கருவிலுள்ள குழந்தைக்கான சிறப்பு) மருத்துவர்தான் வேண்டும். அப்புறம், மனைவிக்கு மூச்சு வாங்கினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.