முகம் அழிந்த மனிதர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 2013-இல் ஒளிபரப்பான ‘அகு நோ ஹனா’ (‘தீமையின் மலர்கள்’) என்ற ஜப்பானிய அனிமே (கோட்டோவிய) தொடரை அவசியம் பார்க்க வேண்டியவற்றில் சேர்த்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வசவு. அதிலும் டெல்டா வாசகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: கசுகா ஒரு சிறுநகரப் பள்ளி மாணவன், புத்தகப் பைத்தியம். பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் அதே பெயர் கொண்ட 1857-ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பைப் படித்திருப்பதாலேயே ஊரில் மற்றவர்களைவிடத் தான் ஒரு படி மேல் என்று நம்புகிறவன். ஒரு நாள் மாலை, ஆளில்லாத வகுப்பில் சக மாணவி சயேகியின் உடற்பயிற்சி உடை கிடப்பதைப் பார்த்து, எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அதைப் பார்த்துவிட்ட நகமுரா, வெளியே சொல்லாமலிருக்க அவனோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறாள். மொத்தம் 13 எபிசோடு.

கும்பகோணம் வாசகர்: ஐயா, முதல் எபிசோடைப் பாதிகூடத் தாண்ட முடியவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்பவனுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. பணம் பற்றாமல் எடுத்ததையெல்லாம் கலை என்று எழுதலாமா?

பணம் பற்றாத அனிமே எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். உடம்பு ஒரே படமாக உறைந்து நிற்கும். வாய் மட்டும் திறந்தது, பாதி திறந்தது, மூடியது என்று மூன்று படங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். வாராந்தரத் தொடர்களில் பேச்சுக் காட்சிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒப்பேறுகின்றன.

இந்தத் தொடரில் அந்தக் குறுக்குவழியே கிடையாது. இயக்குநர் ஹிரோஷி நகஹாமா நடிகர்களை வைத்துக் காட்சிகளை முதலில் கேமராவில் எடுத்தார். அந்தப் பிம்பத்தின் மேல் ஸெக்ஸஸ் ஸ்டூடியோ ஓவியர்கள் கோடு இழுத்தார்கள். இதற்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். பேசுகிறவன் தோளை அசைப்பான், காலை மாற்றி வைப்பான், மூச்சு விடுவான். ஒவ்வொன்றுக்கும் முழு உடம்பையும் திரும்ப வரைய வேண்டும். நோகாமல் நுங்கு தின்கிற வேலை இல்லை. அதே நகஹாமாதான் 2005-இல் ‘முஷிஷி’யை எடுத்தவர். அழகாக எடுக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

முகம் அழிவதற்கு வருவோம். வழக்கமான அனிமேயில் கண் முகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் எவ்வளவு தூரத்திலும் தெரியும். நிஜ மனிதனுக்கு அவ்வளவு பெரிய கண் ஏது? நான்கு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தாலே அது ஒரு சின்னக் கோடுதான். அந்தக் கோட்டை ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக இழுத்தால் கை அரை மில்லிமீட்டராவது பிசகும். ஓட்டிப் பார்க்கையில் கண் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் தூரத்தில் விட்டுவிட்டு, ஆள் நெருங்கும்போது முகத்தைக் கொண்டுவருகிறார்கள். தன்னை யார் பார்க்கிறார்களோ என்று பயந்து சாகிற ஒரு பையனின் கதையில் இது எவ்வளவு பொருந்துகிறது என்று கவனியுங்கள்: கூட்டத்தில் யாருக்கும் முகமில்லை, பக்கத்தில் வந்தால் மட்டும் இருக்கிறது.

ஆனாலும் சில வகுப்பறைக் காட்சிகளில் பின்வரிசை மாணவர்கள் வெறும் தலைகளாக மிதக்கிறார்கள். அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை.

மயிலாடுதுறை வாசகர்: நம்ம ‘கோச்சடையான்’ மாதிரியா இது?

இல்லை. 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ மோஷன் கேப்சர். நடிகரின் அசைவைத் தரவாகப் பதிவு செய்து, கணினியில் உருவாக்கிய முப்பரிமாண உருவத்துக்கு ஏற்றுவார்கள். அதில் கோடு வரைகிற கைக்கு வேலையில்லை. ரோட்டோஸ்கோப் நூறு வருடத்துக்கு மேல் பழசு. அமெரிக்காவில் மேக்ஸ் ஃப்ளைஷர் 1915-இல் விண்ணப்பித்து 1917-இல் காப்புரிமை வாங்கிய முறை. அவருடைய தம்பி டேவ் கோமாளி உடையில் ஆடியதைப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்துதான் கோகோ என்ற கார்ட்டூன் கோமாளி பிறந்தான்.

மன்னார்குடி வாசகி: மூலமான மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) படித்துவிட்டுத்தான் தொடருக்கு வந்தேன். ஷுசோ ஒஷிமி வரைந்த நகமுரா எவ்வளவு அழகு! இங்கே பக்கத்துத் தெருப் பெண் மாதிரி இருக்கிறாள். ரசிகர்களை ஏன் இப்படி ஏமாற்ற வேண்டும்?

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பக்கத்துத் தெருப் பெண் மாதிரி இருப்பதுதான் சங்கடம், அந்தச் சங்கடம் வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

கசுகாவை அனிமே வழக்கப்படி பெரிய கண்ணும் கூரிய மோவாயுமாக வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் உடையை எடுத்துக்கொண்டு ஓடுவது ஒரு சேட்டையாக மாறியிருக்கும். மிரட்டுகிற நகமுரா ‘கெத்தான பொண்ணு’ ஆகியிருப்பாள், அவள் படம் போட்ட டீ-ஷர்ட் விற்றிருக்கும். அழகாக வரைந்தால் மன்னித்துவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. இந்தத் தொடர் அந்த மன்னிப்பைக் கொடுக்க மறுக்கிறது. வியர்த்துப்போன, மேலுதடு நடுங்குகிற, சாதாரணமான ஒரு முகம் பொய் சொல்வதைப் பார்க்கும்போது நமக்குக் கூசுகிறது. திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கூச்சம்தான் பிரச்சினை, கோடு இல்லை என்பது எங்கள் கட்சி.

இன்னொன்று, ஊர். படப்பிடிப்பு நடந்தது குன்மா மாகாணத்தில் உள்ள கிரியூவில். ஒஷிமியின் சொந்த ஊர். பட்டு நெசவுக்குப் பேர்போன பழைய ஊர் அது. ரம்பப் பல் போலக் கூரை வைத்த நெசவுக்கூடங்கள் இன்னும் நிற்கின்றன, ஓரமாக வதராசே ஆறு ஓடுகிறது. திருபுவனத்துப் பட்டுத் தறி ஓசைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரின் மூச்சுமுட்டலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை: எந்தக் கடையில் நின்றாலும் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். வித்தியாசம் ஒன்றுதான். கிரியூவைச் சுற்றி மலை. அந்த மலைக்கு அப்பால் போய்விட வேண்டும் என்பதுதான் நகமுராவின் வெறி. நம் பக்கம் எட்டுத் திசையும் வயல். தப்பிக்க நினைப்பவனுக்கு அண்ணாந்து முறைக்க ஒரு மலைகூட இல்லை.

திருவாரூர் வாசகர்: எட்டாவது எபிசோடில் இரண்டு பேரும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். வசனம் இல்லை. ஓட்டிப் பார்க்கலாமா?

எதை வேண்டுமானாலும் ஓட்டுங்கள், இதை மட்டும் ஓட்டாதீர்கள். ஏழாவது எபிசோடின் முடிவில் இரவு வகுப்பறைக்குள் புகுந்து கரும்பலகை, மேசை, தரை என்று எல்லாவற்றையும் மையால் பாழாக்குகிறார்கள். தரையில், கசுகாவின் கவிதைப் புத்தக அட்டையில் இருக்கும் ஒற்றைக் கண் பூவை வரைந்து வைக்கிறார்கள். காட்சி மெதுவாக, இசையோடு, கொண்டாட்டமாக ஓடுகிறது. வேறு இயக்குநராக இருந்தால் அடுத்த நொடியே மறுநாள் பள்ளிக்கூடம், ஆசிரியர் அலறுவார். நகஹாமா வெட்டவில்லை. மையில் தோய்ந்த உடுப்போடு, கையைப் பிடித்துக்கொண்டு, விடியும் தெருவில் வீடுவரை நடக்க விடுகிறார்.

அந்த நடையில் பார்க்க வேண்டியது கால்களை. கோட்டோவியத்தில் நடை என்றால் பொதுவாக ஒரு சுழற்சி: ஒரு தடவை வரைந்த அடியையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். இங்கே ஒவ்வொரு அடியும் வேறு. கசுகா இழுபடுகிறான், அவள் வேகம் குறைகிறது, கை தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. செய்தது என்ன என்பது அவனுக்கு உறைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காட்சி ஓடுகிறது.

மற்றபடி வேகம் குறைவு என்ற புகார் நியாயமானதுதான். 11 தொகுதி உள்ள மாங்காவில் முதல் மூன்று நான்கு தொகுதிகளுக்கே 13 எபிசோடும் தீர்ந்துவிட்டது. ஒரே மூச்சில் பார்த்தால் சலிப்பு தட்டும். ஒரு நாளைக்கு இரண்டு. ஏழையும் எட்டையும் மட்டும் சேர்த்து. முதல் எபிசோடில் எதுவும் நடக்காது என்று தெரிந்தே உட்காருங்கள்.

தஞ்சாவூர் வாசகி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பார்க்கக் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய கதைதான், பள்ளிப் பிள்ளைகளுக்கான கதை இல்லை. மிரட்டல், அவமானம், மனம் உடைதல் எல்லாம் கூர்மையாக வருகின்றன. கல்லூரிக்குப் போனபின் பார்க்கட்டும்.

பாபநாசம் வாசகர்: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து காவிரிப் படித்துறையில் பத்து நொடிக்கு இதே முறையில் ஒன்று செய்து பார்க்க ஆசை. கையில் போன் மட்டும் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

கணக்கை முதலில் போடுங்கள். வீடியோவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். மூன்று பிரேமுக்கு ஒரு படம் வரைந்தால் போதும். நொடிக்கு 8, பத்து நொடிக்கு 80 படம். ஒரு படத்துக்கு 12 நிமிடம் என்றால் 16 மணி நேரம். நாலு பேர் பங்கு போடலாம், ஆனால் ஒரே பாத்திரத்தை இரண்டு கை வரைந்தால் கோட்டின் தடிமனும் அழுத்தமும் மாறி ஆள் நடுவில் மாறியது போல் ஆகிவிடும். ஆளுக்கொரு பாத்திரம் என்று பிரியுங்கள்.

போனில் 24 இல்லாவிட்டால் 30-இல் எடுத்து மூன்றுக்கு ஒன்று வரையுங்கள். நொடிக்கு 10 படம், முடிவில் ஓட்டுவதும் நொடிக்கு 10. பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்றபடி பிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அதைக் கவனிக்காமல் வரையத் தொடங்கினால் கடைசியில் குரலும் வாயும் சேராது. வீடியோவை ஏதாவது எடிட்டிங் செயலியில் போட்டு, ஒரே சீரான பிரேம் விகிதத்தில் வெளியே எடுத்த பிறகே படங்களைப் பிரிக்க வேண்டும்.

ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமும் பதிய எடுக்கும் நேரம், அடுத்தது. தானியங்கியில் விட்டால் வெளிச்சம் குறையும்போது வீசுகிற கை புகை மாதிரி பதியும், எந்த ஓரத்தில் கோடு இழுப்பது என்று தெரியாது. புரோ முறையில் போய் பகல் வெளிச்சத்தில் 1/200 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். ட்யூப்லைட் உள்ள அறையில் 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு மேல் போனால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

சுண்ணாம்பு அடித்த மதில் முன்னால் வெள்ளை வேட்டியோடு யாரையும் நிறுத்தாதீர்கள், ஓரமே கிடைக்காது. கட்டம் போட்ட சட்டையும் வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் 80 தடவை வரைய வேண்டி வரும். உச்சி வெயிலில் கண் குழி கறுத்துவிடும், காலை எட்டு மணிக்கு முன்னால் எடுங்கள். போன் ஸ்டாண்டில் அசையாமல் இருக்கட்டும். அப்போதுதான் படித்துறையை ஒரே ஒரு முறை வரைந்து பின்னணியாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை நகலெடுக்க முயலவே கூடாது. பிரேமுக்குப் பிரேம் அடியோடு மாறுவது அது ஒன்றுதான். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருமுன், மணல் தெரியும்போதே எடுத்து முடிப்பது புத்திசாலித்தனம். தண்ணீர் வந்துவிட்டால் அலையை மூன்று படமாகத் தனியே வரைந்து சுழல விடுங்கள்.

வரைவதற்கு ‘க்ரிட்டா’ இலவச மென்பொருள், ஆனால் ஒரு கணினியும் வரைபலகையும் வேண்டும். இல்லாவிட்டால் படங்களைப் பிரிண்ட் எடுத்து, எல்லாத் தாளுக்கும் ஒரே அளவில் இரண்டு துளை குத்தி, அட்டையில் நட்ட இரு முளையில் மாட்டி, ட்ரேசிங் தாளில் வரையலாம். துளை பிசகினால் ஆள் நின்ற இடத்தில் குதிப்பான்.

பலர் தவறுவது வரிசையில்தான். 1, 2, 3 என்று வரைந்துகொண்டே போனால் பிழை சேர்ந்து சேர்ந்து நாற்பதாவது படத்தில் மூக்கு நீண்டிருக்கும். முதலில் 1, 9, 17 என்று எட்டுக்கு ஒன்று வரையுங்கள். பிறகு அவற்றுக்கு நடுவில் 5, 13. அதன் பிறகு மீதி. ஒவ்வொரு படத்திலும் மூக்கின் அடி, சட்டைக் காலர் முனை, முழங்கை ஆகிய மூன்றையும் புள்ளி வைத்துவிட்டுத்தான் கோடு. முகத்துக்கு ஐந்தாறு கோடு போதும். சிரிப்புச் சுருக்கத்தை எல்லாம் வரைந்தால் இருபது வயதுக்காரன் அறுபது வயதாகிவிடுவான். திரை உயரத்தில் தலை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கண்ணை விட்டுவிட்டு நிழலை மட்டும் இடுங்கள். கும்பகோணத்துக்காரர் திட்டினால் திட்டட்டும்.

திருவையாறு வாசகர்: முடிவுப் பாட்டு நள்ளிரவில் கேட்டால் உதறல் எடுக்கிறது. அது என்ன சங்கீதம்?

ஆசா-சாங் & ஜுன்ரே குழுவின் ‘ஹனா’, 2001-இல் வந்த பாட்டு; தொடருக்காகப் புதுப்பித்தார்கள். வயலின்கள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப இழுக்க, பேச்சுக் குரலை அசை அசையாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு தபலா அடிமேல் வைத்திருக்கிறார்கள். சொற்கட்டு கேட்டுப் பழகிய உங்கள் ஊர்க் காதுக்கு அமைப்பு சட்டென்று பிடிபடும். பயம் எங்கிருந்து வருகிறது என்றால், அடி வருமிடத்தில் குரல் மனிதக் குரலாக இல்லை.

நாகப்பட்டினம் வாசகர்: பாதியில் நிற்கிறதே! மீதிக்கு எங்கே போவது?

கடைசி எபிசோடில் இனி நடக்கப்போகிறவற்றைத் துண்டு துண்டாகக் காட்டிவிட்டு, முதல் பாகம் முடிந்தது என்று எழுத்துப் போடுகிறார்கள். இரண்டாம் பாகம் வரவேயில்லை. மாங்கா 2014-இல் முடிந்துவிட்டது, ஆங்கிலத்தில் எல்லாத் தொகுதிகளும் கிடைக்கின்றன. நான்காம் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். கொஞ்சம் பார்த்ததே திரும்ப வரும், பரவாயில்லை. பின்பாதியில் கதை வேறு ஊருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் போகிறது, ஒஷிமியின் கோடும் நிஜ முகங்களை நோக்கி நகர்கிறது. 2019-இல் நடிகர்களை வைத்து எடுத்த திரைப்படமும் உண்டு. கதை முழுவதையும் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் திணித்திருப்பதால், அதை மாங்காவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.