பொத்தான் போட ஐந்து நிமிடம்: எச்.ஐ.வி., போதை, கை கால் அசைவு

என் தம்பிக்கு 34 வயது. எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறான். முன்பு போதை ஊசிப் பழக்கமும் இருந்தது. இப்போது சட்டைப் பொத்தான் போடவே ஐந்து நிமிடம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா?

தயவுசெய்து அப்படி முடிவுகட்டாதீர்கள். மூளையின் ஆழத்தில் சில நரம்பணு முடிச்சுகள் இருக்கின்றன. அசைவைத் தொடங்கி வைப்பதும் அதன் வேகத்தைச் சீராக்குவதும் அவற்றின் வேலை. அதற்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். எச்.ஐ.வி. உடலுக்குள் வந்த சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. நரம்பணுக்களை விட்டுவிட்டு, பக்கத்தில் காவல் இருக்கும் மைக்ரோகிளியா செல்களில் குடியேறுகிறது. அங்கிருந்து கசியும் வைரஸ் புரதங்களும் அழற்சியும் நரம்பணுக்களைக் கெடுக்கின்றன. இந்த முடிச்சுகளில் அந்தச் சேதம் கூடுதல்.

போதையும் கை வைப்பது அங்கேதான். வெளியே வந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாசலை கொகெய்ன் அடைக்கிறது. வைரஸின் டாட் என்ற புரதமும் அதே வாசலைத்தான் கெடுக்கிறது. மெத்தாம்பிடமின் டோபமைன் நரம்பு நுனிகளையே அழிக்கும். ஹெராயின், கரைத்து ஊசியில் ஏற்றும் வலி மாத்திரைகள் இவற்றின் ஆபத்து வேறு வகை. அளவு மீறி மூச்சு நின்றால், ஆக்சிஜன் இல்லாமல் முதலில் சாகும் இடங்களில் இந்த முடிச்சுகளும் உண்டு. தம்பி எப்போதாவது மயங்கிக் கிடந்து பிழைத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்னிடம் வருபவர்களைக் கட்டைவிரலில் ஆட்காட்டி விரலை வேகமாகத் தட்டச் சொல்வேன். இந்த முடிச்சுகள் கெட்டிருந்தால், முதல் நான்கைந்து தட்டு பெரிதாக இருக்கும். அப்புறம் சுருங்கிச் சுருங்கி, விரல் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். சோம்பேறியின் விரல் அப்படிச் சுருங்காது. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் இது சரியாகிவிடுமா?

பெருமளவு. 1996-க்குப் பிறகு கூட்டு மருந்து வந்ததும், படுக்கையில் தள்ளும் மூளைப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. லேசான மந்தம் சிலருக்குத் தங்கிவிடுகிறது. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா இவர்களுக்கு அந்த அளவு கைகொடுப்பதில்லை. அதனால் ஒரு வேளை ஏ.ஆர்.டி. மாத்திரையைக்கூட விடாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம்.

ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று தானாக வீசி ஆடினால் காத்திருக்க வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற மூளைத் தொற்றாக இருக்கலாம். ஸ்கேன் எடுத்துச் சீக்கிரம் மருந்து கொடுத்தால் தொற்று பெரும்பாலும் குணமாகும்.

எச்.ஐ.வி. உள்ள என் கணவருக்கு வாந்திக்கு ஊசி போட்டார்கள். அன்று இரவே கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஏன்?

வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் மனநோய்க்கும் கொந்தளிப்புக்கும் தரும் ஹாலோபெரிடாலும் டோபமைனைத் தடுப்பவை. ஏற்கெனவே டோபமைன் தள்ளாடும் மூளையில் சின்ன அளவே இப்படி இழுத்துவிடலாம். உடனே மருத்துவமனைக்குப் போனால் மாற்று ஊசியில் பெரும்பாலும் சீக்கிரமே விட்டுவிடும். மருந்தின் பெயரை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த டாக்டரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள்.

போதை மருந்தால் நிரந்தரமாக நடை கெட்டுப்போனவர்கள் உண்டா?

உண்டு. உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா பக்கம் சளி மருந்தையும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டையும் கலந்து வீட்டிலேயே காய்ச்சி ஊசி போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்த மாங்கனீஸ் மூளை முடிச்சுகளில் படிந்தது. பேச்சு குழறியது, குதிகால் தரையில் படாமல் நடந்தார்கள், பின்னால் சாய்ந்து விழுந்தார்கள். அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் இருந்தார்கள். ஊசியை நிறுத்திய பிறகும் பலருக்கு நடை திரும்பவில்லை. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும், பெரும்பாலும் இளைஞர்கள்.

போதையை ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா? டாக்டரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியம் வகை என்றால் தனியாகப் போராட வேண்டாம். அரசு மையங்களில் நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்பின் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் பியூப்ரினார்பினின் வேகம் குறையும், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் எச்.ஐ.வி. நிலையை மற்றவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.