கோர்ட் கட்டுல கிடக்குற நம்ம காகிதம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க தாத்தாவும் அவருக்க தம்பியும் 1980கள்ல பாகம் கேட்டு கேஸ் நடத்துனாங்க, தீர்ப்பும் வந்துச்சுன்னு அம்மா சொல்லுவா. குழித்துறையா இரணியலான்னே தெரியல, நம்பரும் தெரியல. தாத்தாவும் இல்ல, வக்கீலும் இல்ல. இப்ப வீடு கட்ட லோன் கேட்டா பேங்க்ல அந்த டிகிரி (தீர்ப்ப வச்சு கோர்ட் எழுதுற உத்தரவு) காப்பி கொண்டு வாங்கன்னு சொல்லுதாங்க. எங்க போய் கேக்கது?
- வாசகி, கருங்கல்

பதில்: தங்கச்சி, நம்பர் இல்லாம கோர்ட்டுக்கு போனா அலைச்சல்தான் மிச்சம், அதனால முதல்ல வீட்டு பெட்டிய திறங்க. பழைய சம்மன், வக்காலத்து காப்பி, கமிஷன் வக்கீல் அளக்க வந்தப்ப குடுத்த நோட்டீஸ், எதுலயாவது ஓ.எஸ்.னு (அசல் வழக்குன்னு அர்த்தம்) போட்டு ஒரு நம்பரும் வருஷமும் இருக்கும். உங்க வீட்ல இல்லன்னா தாத்தாவுக்க தம்பி வீட்ல கேளுங்க, பேச்சு இல்லன்னாலும் யாராவது சொந்தக்காரங்கள விட்டு கேளுங்க, ரெண்டு கட்சிக்கும் அதே நம்பர்தானே. அதுவும் கிடைக்கலன்னா வில்லங்கம் போட்டு பாருங்க. கேஸ் முடிஞ்ச பிறகு அந்த விளையில (தோட்ட நிலத்துல) யாராவது ரெண்டு சென்ட் வித்திருந்தாகூட அந்த பிரமாணத்துல (பத்திரத்துல) "இன்ன கோர்ட் இன்ன நம்பர் வழக்கு தீர்ப்புப்படி எனக்கு பாத்தியப்பட்டு"ன்னு பெரும்பாலும் ஒரு வரி எழுதியிருப்பாங்க, வித்தவங்களுக்கு சொத்து எப்படி வந்துச்சுன்னு சொல்ற இடத்துல பாருங்க.

எந்த கோர்ட்னு குழம்ப வேண்டாம், நிலம் எங்க கிடக்கோ அந்த எல்லைக்கு உள்ள கோர்ட்லதான் பாக வழக்கு போட முடியும். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல விளவங்கோடு பக்கம்னா குழித்துறை, கல்குளம் பக்கம்னா தக்கலையில இருக்குற பத்மநாபபுரம் கோர்ட் இல்லன்னா இரணியல், கிழக்க உள்ளவங்களுக்கு நாகர்கோவில், இப்ப பூதப்பாண்டியிலயும் கோர்ட் இருக்கு. முன்சீப் கோர்ட்டா சப் கோர்ட்டாங்கறது அன்னைக்கு போட்ட சொத்து மதிப்ப பொறுத்தது, அதனால ரெண்டு இடத்துலயும் பாக்கணும்.

கோர்ட் கேஸ் விவரம் பாக்குற ஈகோர்ட்ஸ் சைட்லயும் ஆப்லயும் கட்சிக்காரர் பேரும் வருஷமும் போட்டு தேடலாம், முடிஞ்ச கேஸ்னு செலக்ட் பண்ண மறக்காதீங்க. பேர இங்கிலீஷ்ல ஒரே மாதிரி அடிச்சு பாத்துட்டு இல்லன்னு விட்டுராதீங்க, தங்கையன்னு ஒரு பேரையே ஆளுக்கு ஒரு விதமா எழுதுவாங்க, நாலஞ்சு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி போடுங்க, இனிஷியல் முன்னாடி பின்னாடி வச்சும் பாருங்க. ஆனா 80கள்ல முடிஞ்ச கேஸ் அதுல ஏறியிருக்குறது அபூர்வம், கிடைக்கலன்னா கேஸே இல்லன்னு அர்த்தம் கிடையாது. அந்த கோர்ட்ல அந்த வருஷத்து சூட் ரிஜிஸ்டர் (வழக்கு பதிவேடு) இருக்கும், உள்ளூர் வக்கீல் ஒருத்தர் மூலமா தேடச் சொல்லுங்க, அனுபவம் உள்ள வக்கீல் குமாஸ்தா கிட்ட வருஷமும் ஊர் பேரும் சொன்னா அவர் தேடுற விதமே தனி.

நம்பர் கிடைச்சதும் நகல் மனு போடணும். வழக்குல கட்சியா இருந்தவங்க நேரா கேக்கலாம். நீங்க பேத்திங்கறதால தாத்தாவுக்க இறப்பு சான்று, வாரிசு சான்று வச்சு, எதுக்கு வேணும்னு அபிடவிட்டும் (உறுதிமொழி பத்திரம்) சேத்து போடுங்க, சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள்கூட காரணம் சொல்லி கோர்ட் அனுமதிச்சா வாங்கலாம். மனு போட்டா அதுக்குன்னு ஒரு நம்பர் விழும், அப்புறம் எத்தன பக்கம் வருதுன்னு கணக்கு பாத்து ஸ்டாம்ப் கேட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, வீட்டுக்கு போன் வரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க, சொன்ன தேதிக்குள்ள ஸ்டாம்ப் கட்டலன்னா மனுவ தள்ளிருவாங்க, திரும்ப முதல்ல இருந்து. குமாஸ்தா கிட்ட சொல்லி வச்சு அந்த போர்ட பாக்க வைங்க.

காப்பி கைக்கு வந்ததும் கடைசி பக்கத்த பாருங்க, சீலுக்கு பக்கத்துல மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டுன தேதி, நகல் தயாரான தேதி, வாங்குன தேதின்னு வரிசையா இருக்கும். பழைய கேஸ்ல அது உங்களுக்கு பெருசா உதவாது, ஆனா புதுசா தீர்ப்பு வந்து அப்பீல் போடுறவங்களுக்கு அது உயிர். காப்பி எடுக்க ஆன நாள அப்பீல் காலக்கெடுவுல இருந்து கழிச்சுக்கலாம்னு காலவரம்பு சட்டம் 12-ம் பிரிவு சொல்லுது, அந்த நாள காட்டுறதே இந்த தேதிங்கதான்.

இன்னொரு விஷயத்த கட்டாயம் கவனிங்க. டிகிரி மட்டும் கேக்காதீங்க, தீர்ப்பு, பிராதோட (வழக்கு போட்ட மனுவோட) சொத்து ஷெட்யூல், கமிஷன் ரிப்போர்ட், பிளான் எல்லாத்துக்கும் சேத்தே மனு போடுங்க. பாக வழக்குல ரெண்டு டிகிரி உண்டு. முதல்நிலை டிகிரி உனக்கு இத்தனல ஒரு பங்குன்னு மட்டும் சொல்லும், எந்த பக்கம் யாருக்குன்னு நாலு எல்லையோட பிரிச்சு குடுக்குறது இறுதி டிகிரிதான். நம்ம ஊர்ல முதல் டிகிரி வந்ததும் ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்கு வந்து, வாய் பேச்சுல பிரிச்சு, தென்னை வச்சு, ரப்பர் வச்சு ஆண்டு அனுபவிச்ச குடும்பங்க எத்தனையோ இருக்கு, பேரப்பிள்ளைக லோனுக்கு போறப்பதான் இறுதி டிகிரியே ஆகலன்னு தெரியுது. அப்படி இருந்தா பயப்படாதீங்க, பாக வழக்குல இறுதி டிகிரி கேக்குற மனுவுக்கு காலவரம்பு கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2009-ல தெளிவா சொல்லியிருக்கு. ஆனா கேஸ் கட்டு முழுசும் என்னைக்கும் இருக்காது, குறிப்பிட்ட வருஷம் கழிச்சு பல காகிதங்கள அழிக்க விதி இருக்கு, அதனால லோன் கிடைக்குதோ இல்லையோ இந்த காப்பிய இந்த வருஷமே எடுத்து வச்சுருங்க.

கேள்வி: கோர்ட் தீர்ப்பு நகல் கேட்டு ஆர்டிஐ போட்டேன், பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி. நகல் மனு போடுங்கன்னு பதில் வந்துருக்கு. தகவல் தர மறுக்குறது தப்பு இல்லையா?
- வாசகர், தக்கலை

பதில்: உங்க கோவம் புரியுது அண்ணாச்சி, ஆனா இந்த விஷயத்துல அவங்க சொன்னது சரி. கோர்ட் விதியில நகல் வாங்க தனி வழி இருக்குறப்ப அந்த வழியிலதான் வாங்கணும், ஆர்டிஐல கேக்க முடியாதுன்னு 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் குஜராத் ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்குல சொல்லிருச்சு. மேல்முறையீடு போட்டு மாசக்கணக்குல காத்திருக்காதீங்க, நகல் மனுவே சீக்கிரம் முடியும். ஆர்டிஐய நிர்வாக விஷயத்துக்கு வச்சுக்கோங்க.

கேள்வி: எங்க குடும்ப தீர்ப்பு ஒண்ணு மலையாளத்துல இருக்கு, வருஷம் 1115னு போட்டுருக்கு. இது எந்த காலம்? அப்பீல் நடந்துச்சான்னு எங்க பாக்க?
- வாசகர், பூதப்பாண்டி

பதில்: அது கொல்லம் வருஷம். நம்ம ஜில்லா 1949 வரைக்கும் திருவிதாங்கூர்லயும், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திரு-கொச்சியிலயும் (திருவிதாங்கூரும் கொச்சியும் சேந்த மாநிலம்) இருந்ததால பழைய காகிதம் எல்லாம் இப்படித்தான் இருக்கும். சிங்கம் மாசம், அதாவது ஆகஸ்ட் நடுவுல வருஷம் பிறக்கும். அங்க இருந்து டிசம்பர் வரைக்கும் 824 கூட்டுங்க, ஜனவரிக்கு மேல 825. 1115 சிங்கம்னா 1939 ஆகஸ்ட், 1115 மகரம்னா 1940 தை. மனுவுல ரெண்டு வருஷத்தையும் எழுதுங்க, தேடுறவங்களுக்கு சுலபம். அப்பீல் அன்னைக்கு திருவனந்தபுரத்துல இருந்த திருவிதாங்கூர் ஹைகோர்ட்டுக்கு போயிருக்கலாம், 1949-க்கு பிறகுன்னா எர்ணாகுளம், 56-க்கு பிறகு சென்னை, 2004 ஜூலைக்கு பிறகு மதுரை கிளை. மலையாளம் வாசிக்க தெரிஞ்ச பழைய ஆதார எழுத்துக்காரங்க (பத்திரம் எழுதுறவங்க) மேற்கு பக்கம் இன்னும் இருக்காங்க, ஒரு தடவ முழுசா வாசிச்சு கேளுங்க, ஆபீஸ்ல குடுக்க மட்டும் முறையா மொழிபெயர்த்து கையெழுத்தோட வாங்குங்க.

கேள்வி: ஊர் தகராறுல என் பேரையும் சேத்துட்டாங்க, கேஸ்ல விடுதலை ஆயிட்டேன். கல்ஃப் போக பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்ல அந்த கேஸ சொல்லி நிறுத்துறாங்க. ஈகோர்ட்ஸ்ல இருந்து பிரிண்ட் எடுத்த தீர்ப்பு செல்லுமா?
- வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, அந்த பிரிண்ட் நீங்க வாசிச்சு பாக்க மட்டும்தான், அத சான்றுன்னு எடுத்துக்க மாட்டாங்க. விசாரிச்ச கோர்ட்லயே சீல் வச்ச நகல் வாங்குங்க, தீர்ப்பால பாதிக்கப்பட்ட யாருக்கும் கட்டணம் கட்டுனா நகல் தரணும்னு புது பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறை) சட்டம் 404-ம் பிரிவுல இருக்கு. ரெண்டு செட்டா எடுத்து ஒண்ண ஸ்டேஷன்ல குடுத்து ஒப்புகை வாங்குங்க, அவங்க ரெக்கார்டுல கேஸ் நிலுவைன்னே கிடந்தா அத மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்க. நீங்க வெளிநாட்டுல இருந்தாலும் இங்க உள்ள வக்கீல் மூலமா போடலாம்.

கேள்வி: முடிஞ்ச கேஸ்ல அப்பா குடுத்த அசல் பிரமாணம் கோர்ட்லயே இருக்கு. திரும்ப கிடைக்குமா? வக்கீலுக்கு குடுக்க காசு இல்ல.
- வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: கிடைக்கும்மா. அப்பீல் காலம் முடிஞ்சிருந்தா, அப்பீல் போட்டிருந்தா அதுவும் முடிஞ்சிருந்தா, சிவில் நடைமுறை சட்டம் ஆர்டர் 13 ரூல் 9-ல திரும்ப கேட்டு மனு போடலாம். பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, நாகர்கோவில்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, இல்லன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. போறப்ப கேஸ் நம்பர், அப்பாவுக்க இறப்பு சான்று, வாரிசு சான்று, உங்க ஆதார் கார்டு நாலையும் கையில எடுத்துட்டு போங்க.