நாலு பக்கப் பேட்டியை நம்பி 5 லட்சமா?

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடி பக்கம். வாராவாரம் ஒரு வணிக இதழ் வாங்குவேன். அதில் ஒரு செக்கு எண்ணெய் கம்பெனியின் முதலாளி பேட்டி நாலு பக்கம் வந்திருந்தது, 'ஆண்டுக்கு 12 கோடி டர்ன்ஓவர்' என்று. அவர்களுடைய கிளைக்கடை எடுக்க, சம்பா நெல் விற்ற பணத்தில் 5 லட்சம் கட்டலாமா? "பத்திரிகையிலேயே வந்திருக்கே" என்கிறான் மகன்.

பதில்: பத்திரிகை பொய் எழுதியது என்று சொல்லவில்லை. ஆனால் அது முதலாளி தன் வாயால் சொன்ன கதை. வாராவாரம் பக்கம் நிரப்பும் அவசரத்தில் நிருபர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியிருப்பார் என்று நம்பாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜாதகம் மாதிரிதான். ஊருக்குள் விசாரிக்காமல் யாராவது பெண் கொடுப்போமா? பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அது காசு கொடுத்துப் போட்ட பக்கம்.

12 கோடி என்பது விற்றுமுதல், லாபமல்ல. உங்கள் ஊர் அரிசி ஆலைக்காரரைக் கேளுங்கள், கோடிக்கணக்கில் நெல் உள்ளே போனாலும் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கிறது என்று சொல்வார்.

அவர்கள் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி பில்லைக் கேளுங்கள். அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால், எப்போது பதிவு செய்தார்கள், ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று இலவசமாகத் தெரியும். (ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில்தான், பழைய கடைக்கும் அந்த வருடமே காட்டலாம்.) பிரைவேட் லிமிடெட் என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி, அவர்கள் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டையும் லாப நட்டக் கணக்கையுமே பார்க்கலாம். விற்றுமுதல் லாப நட்டக் கணக்கில்தான் இருக்கும்; 12 கோடி அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ கிளை எடுத்த ஒருவரைப் போய்ப் பாருங்கள். கம்பெனி கைகாட்டுகிற ஆள் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். சாயங்காலம் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை லிட்டர் போகிறது என்று தெரிந்துவிடும். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று அவரிடமே கேளுங்கள். இதெல்லாம் பேட்டியில் வராது.

"கடையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு உறுதி" என்று பேச ஆரம்பித்தால் அது கடை இல்லை, டெபாசிட். பொதுமக்களிடம் அப்படி டெபாசிட் வாங்க பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அனுமதி கிடையாது. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.