பழைய மாசி 1035-க்கு வீட்டிலேயே பெயின்ட்: கொப்பளிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அப்பா 1984-ல் வாங்கிய மாசி பெர்குசன் 1035 எட்டு வருடமாகக் கொட்டகையில் நின்றது. என்ஜினை மெக்கானிக் ஓட வைத்துவிட்டார். ஆனால் பானட், மட்கார்டு எல்லாம் துரு. முன்பு ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவி, காயவைத்து, பழைய பெயின்ட் மேலேயே அடித்தோம். ஒரே வருடத்தில் கொப்பளித்து உரிந்துவிட்டது. இந்த முறை ஒவ்வொன்றாகக் கழற்றி நானே வீட்டில் செய்ய ஆசை. என்ன பெயின்ட், எவ்வளவு வேண்டும், எந்த வரிசையில் செய்வது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்:

கொப்பளித்ததற்குப் பெயின்ட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டிராக்டரில் பெயின்ட் நிற்காமல் போவது எண்ணெய், துரு, உப்பு என்ற மூன்றால்தான். முதல் இரண்டை எல்லோரும் கவனிப்பார்கள், உப்பை மறந்துவிடுவார்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் தகட்டில் வெள்ளைத் தடம் நிற்கும். யூரியாவும் பொட்டாஷும் ஏற்றிய வண்டியானால் மட்கார்டின் அடி மடிப்பில் அந்த உப்பும் ஒளிந்திருக்கும். பெயின்ட் படலம் கொஞ்சம் ஈரத்தை உள்ளே விடும். அடியில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதுதான் கொப்புளம். கொப்புளத்தை ஊசியால் குத்தினால் தண்ணீர் வந்தால், உங்கள் வண்டியில் நடந்தது இதுவேதான். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் மழைத் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ இருக்கட்டும். தானாகக் காய விடாமல் உடனே துணியால் துடைத்துவிடுங்கள்.

பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒழுகல்களை முடியுங்கள். ராக்கர் கவர் பேக்கிங், டைமிங் கவர், ஹைட்ராலிக் மேல் மூடி, பின் ஆக்சில் சீல், டீசல் பைப் இணைப்புகள் ஆகியவற்றைத் துடைத்துவிட்டு வண்டியை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எங்கே மறுபடி ஈரம் தெரிகிறதோ அங்கே பேக்கிங்கும் சீலும் மாற்றியாக வேண்டும். கசியும் மூட்டின் மேல் அடித்த பெயின்ட் இரண்டு மாதம்கூட நிற்காது. எண்ணெய் அடியிலிருந்து ஊறி வந்து படலத்தைத் தூக்கிவிடும்.

கழற்றும்போது ஸ்பானர் விஷயத்தில் கவனம். இந்த வண்டி இங்கிலாந்தின் பெர்குசன் 35 வழியில் வந்தது, சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரித்தது. அதனால் போல்ட்டுகள் பெரும்பாலும் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் தலைக்கு 13 மி.மீ. ஸ்பானர் போட்டால் ஆடும், 7/16-க்கு 12 போட்டால் முனை மழுங்கும். 3/4-க்கு மட்டும் 19 சரியாக உட்காரும். ஒரு இஞ்ச் ஸ்பானர் செட் வாங்கிவிடுங்கள். வார்ப்பு இரும்பில் ஏறும் போல்ட்டுக்கு அகலமான மரை, நட்டுக்கு நெருக்கமான மரை என்று இரண்டு வகை கலந்து இருக்கும். மாற்றிப் போட்டால் வார்ப்பின் மரை போய்விடும். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். கழற்றும் முன் ஒயரிங், லீவர் கம்பி, பைப் போகும் பாதை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். இறுகிய போல்ட்டில் டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்து இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சுத்தியலால் தலையில் இரண்டு தட்டு தட்டிய பிறகு திருப்புங்கள்.

சக்கரம் கழற்றும் முன் இரண்டு விஷயம். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும், முதலில் அதை வடித்துவிடுங்கள். முன் ஆக்சில் நடு பின்னில் ஆடுவதால், ஒரு பக்கம் ஜாக்கி ஏற்றினால் வண்டி சாயும். ஆக்சிலுக்கும் மேலே உள்ள வார்ப்புக்கும் இடையில் இரு பக்கமும் மரக் கட்டை அறைந்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கனமான கட்டை அடுக்கித் தாங்கு கொடுங்கள்.

கழுவுவதற்கு முதலில் தகரச் சுரண்டியால் சேற்றையும் கிரீஸையும் எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பிரஷால் தேய்த்து, பிறகு சோப்புத்தூள் கரைசலில் இரண்டு முறை. டீசலோடு நிறுத்தினால் அதுவே எண்ணெய்ப் படலமாக நிற்கும், சோப்பு கட்டாயம். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். சூடான என்ஜினில் டீசல் பம்ப் மேல் குளிர்ந்த தண்ணீர் அடிக்காதீர்கள். உள்ளே பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில்தான். வெளிக்கூடு திடீரெனச் சுருங்கினால் பம்ப் பிடித்துக்கொள்ளும். ஏர் கிளீனர் வாய், டைனமோ, ஸ்டார்ட்டர், ஆயில் டேங்கின் காற்றுத் துளை எல்லாவற்றையும் பாலிதீன் சுற்றி மூடிவிடுங்கள்.

பழைய பெயின்டை எடுக்கும்போது எச்சரிக்கை. அந்தக் காலத்து சிவப்பு, மஞ்சள் பெயின்டிலும் ஈயச் சிவப்பு பிரைமரிலும் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுத் தூள் பறக்க விடாதீர்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், அடியில் தார்ப்பாய் விரியுங்கள், உரிந்ததைச் சேகரித்துக் கட்டிப் போடுங்கள். மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஈயப் பெயின்டையும் பழைய பேட்டரித் தகட்டையும் நக்கி மாடுகள் விஷமேறிச் சாவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

எதை வெறும் இரும்பு வரை எடுக்க வேண்டும், எதை விடலாம்? பானட், மட்கார்டு, கிரில், பேட்டரிப் பெட்டி போன்ற தகரங்களை முழுக்க எடுங்கள். முந்தைய பெயின்ட் கொப்பளித்த இடத்தில் மேலே மட்டும் தேய்த்தால் மீண்டும் அதே கதைதான். கியர் பாக்ஸ், என்ஜின் வார்ப்பில் கெட்டியாகப் பிடித்திருக்கும் பெயின்டை அப்படியே விட்டு, விளிம்புகளை மட்டும் 180 நம்பர் தாளால் சரித்து விடலாம். மணல் பிளாஸ்டிங் ரிம்முக்கு நல்லது. மெல்லிய தகரத்தை அது நெளித்துவிடும், என்ஜின், ஹைட்ராலிக் பக்கம் கொண்டுபோனால் ஒரு மணல் துகள் போதும், பேரிங் போய்விடும்.

பிராக்கெட், கொக்கி, லிங்க் போன்ற சிறிய பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பு சிறந்த வழி. பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் தண்ணீருக்கு 5 மேசைக்கரண்டி வாஷிங் சோடா. 12 வோல்ட் பழைய சார்ஜரின் நெகடிவ் துருப்பிடித்த பாகத்தோடும், பாசிடிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைய வேண்டும். இரண்டும் தொடக்கூடாது. இரவு முழுக்க விட்டால் துரு கறுத்துத் தளர்ந்துவிடும், பிரஷால் தேய்த்தால் போய்விடும். பாசிடிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் கரையும், போடாதீர்கள். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாமல். ஸ்பிரிங், உயர் பலப் போல்ட், அலுமினியம் இதில் போடக் கூடாது.

நசுங்கிய மட்கார்டுக்கு டிங்கரிங் முடித்த பிறகும் 2 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடவாதீர்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் தடித்த பட்டி விரிந்துவிடும். பட்டியைத் தண்ணீர் தொடாமல் உலர்வாகத் தேயுங்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டை விழுந்த தகரத்துக்குப் பட்டி தீர்வல்ல, வெட்டி வெல்டிங் செய்யுங்கள். டீசல் டேங்கில் மட்டும் வெல்டிங் வேண்டாம். காலியான டேங்கின் ஆவியே வெடிக்கும், அதை அனுபவமுள்ள பட்டறையில் கொடுங்கள்.

சேசிஸ், என்ஜின் எண்கள் உள்ள இடத்தைக் கிரைண்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மென்மையாகச் சுத்தம் செய்து மெல்லிய ஒரு பூச்சு போதும். எண் மறைந்தால் ஆர்.சி. சரிபார்க்கும்போது பெரிய தலைவலி. நிறமும் ஆர்.சி.யில் உள்ளதாகவே இருக்கட்டும். உண்மையான நிறம் தெரிய, பேட்டரிப் பெட்டியின் அடியிலும் தகவல் தகட்டின் பின்னாலும் வெயில் படாத பகுதியைப் பாருங்கள். அந்தத் துண்டைக் கணினியில் நிறம் சேர்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். மாசியின் தகரம் சிவப்பு, என்ஜினும் கியர் பாக்ஸும் சாம்பல்.

பெயின்ட் வகையைப் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் மிக நன்றாக நிற்கும், டீசல் சிந்தினாலும் மங்காது. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் உதவவே உதவாது, வெளிக்காற்று தரும் மாஸ்க் வேண்டும். அது இல்லாத வீட்டில் ஸ்ப்ரே செய்யச் சொல்ல மாட்டோம். வீட்டுக்கு ஏற்றது நல்ல தரமான சிந்தெடிக் எனாமல். டீசல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்பதே அதன் குறை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டைப் பழைய எனாமல் மேல் அடித்தால் அதன் தின்னர் அடிப்படலத்தை ஊதவைத்து, தோல் சுருங்கியதுபோல் எழுப்பிவிடும். ஆகவே கலக்காதீர்கள்.

வெறும் இரும்பாக்கிய தகரத்துக்கு இரு கலவை எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு. டப்பாவில் சொன்ன கலவை விகிதத்தைக் கண் அளவில் மாற்றாதீர்கள். பழைய பெயின்ட் மிஞ்சியிருக்கும் வார்ப்புக்கு எனாமல் வகை துத்தநாக பாஸ்பேட் பிரைமர். ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு ஒரு வாரம் பனியில் நிறுத்தி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு தொடங்கிவிடும். பிரைமர் காய்ந்ததும் 400 நம்பரால் தேய்த்து, துடைத்து, மேல்பூச்சு போடுங்கள். சைலன்சருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் 600 டிகிரி தாங்கும் ஹீட் பெயின்ட் தனியாக வாங்குங்கள். எனாமல் அங்கே கருகிவிடும்.

அளவு: எபாக்ஸி பிரைமர் 3 லிட்டர், வார்ப்புக்கான பிரைமர் 2, சிவப்பு 3, சாம்பல் 3, ரிம் நிறம் 1, தின்னர் 5 லிட்டர். ஸ்ப்ரேயில் கால் பங்குக்கு மேல் காற்றில் போகும் என்பதையும் சேர்த்த கணக்கு இது. ஒரே நிறத்தை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பிறகு வாங்கும் டப்பா நிறத்தில் லேசாக மாறும்.

எனாமலுக்கு 1.4 மில்லிமீட்டர் நாசில், பிரைமருக்கு 1.7 அளவு. தகரத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம், ஸ்ப்ரே கன்னில் 35 பி.எஸ்.ஐ. அழுத்தம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடட்டும். தின்னர் 10 முதல் 15 சதவீதம். முதல் பூச்சு மெல்லிய பனிபோல், அதைத் தொட்டால் இழுபடும் நிலைக்கு வந்ததும் இரண்டாவது ஈரப்பூச்சு. எனாமலில் ஒரு கண்ணி உண்டு: இரண்டாவது பூச்சை அன்றே அடிக்க வேண்டும், இல்லையேல் முழுக்கக் கெட்டிப்பட ஒரு வாரம் விட்டுத்தான் அடிக்க வேண்டும். இடையில், இரண்டாம் மூன்றாம் நாளில் அடித்தால் சுருங்கும். மீன் கண் போல் வட்டக் குழி விழுந்தால் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ பட்டிருக்கிறது. அந்த இடத்தை மேலும் பூசி மறைக்க முடியாது. காயவிட்டு, தேய்த்து, துடைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். கம்ப்ரசரில் ஈரப்பொறி இல்லாவிட்டால் தண்ணீர்த் துளி கன் வழியே வந்து இதே போல் குழி விடும்.

எப்போது செய்வது? தை கடைசி முதல் பங்குனி வரை நல்லது. மார்கழிப் பனியும் ஐப்பசி மழையும் வேண்டாம், ஆடிக் காற்றில் தூசி ஒட்டும். காலை 8 முதல் 11 மணி வரை தகரம் அதிகம் சூடாகாது. மதியம் வெயில்பட்ட பானட்டில் அடித்தால் தின்னர் கொதித்து ஊசித் துளை விழும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடியுங்கள்.

ரிம்மும் ஹப்பும் சேரும் முகத்திலும், நட்டு உட்காரும் குழியிலும் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் அது நசுங்கி, ஓட்டும்போது நட்டு தளரும். பேட்டரி எர்த் கேபிள் சேசிஸில் சேரும் இடத்தில் பளபளப்பான இரும்பு தெரிய வேண்டும். புதுப் பெயின்டுக்குப் பிறகு ஸ்டார்ட்டர் சுற்றாமல் போவதற்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கிரீஸ் நிப்பிள், ரேடியேட்டர் சல்லடை, ரப்பர் ஹோஸ், ஆயில் சீல் உதடு எதிலும் பெயின்ட் படக்கூடாது.

தொட்டால் ஒட்டாமல் போவது ஐந்தாறு மணி நேரத்தில், நகம் பதியாமல் கெட்டிப்பட ஒரு வாரம். பாகங்களை அதற்குப் பிறகே பூட்டுங்கள். வண்டி ஓடிய முதல் பத்து மணி நேரத்துக்குள் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஒரு மாதத்துக்குப் பிரஷர் தண்ணீர் வேண்டாம். பானட் ஸ்டிக்கரையும் அதுவரை ஒட்டாதீர்கள், அடியிலிருந்து வெளியேறும் தின்னர் ஆவி சிக்கிக் குமிழ் போடும். ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி ஒட்டுங்கள்.