முன் நக்கிளில் எண்ணெய்க் கசிவு: வெளிச் சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். 1998ஆம் ஆண்டின் மாருதி ஜிப்சி ஒன்றைச் சொந்த உபயோகத்திற்காகச் சென்ற ஆண்டு வாங்கினேன். வலது முன் சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிகிறது. ஒரு பட்டறையில் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் கூடு) வெளிச் சீலை, அதாவது கசிவைத் தடுக்கும் வளையத்தை, இரண்டு முறை மாற்றினார்கள். இரண்டு முறையும் மூன்று மாதத்திற்குள் மறுபடியும் வழிந்தது. இப்போது 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங்கும் உதறுகிறது. வேறொரு மெக்கானிக், இரண்டு பக்க நக்கிளையும் முழுவதுமாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்கிறார். இணையத்தில் ஒரே தொகுப்பாக விற்கும் உதிரிபாகங்களை வாங்கலாமா? முதல் பட்டறையிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: இரண்டாவது மெக்கானிக் சொல்வதுதான் சரியென்று தோன்றுகிறது. ஆனாலும் அவரிடம் வண்டியை ஒப்படைப்பதற்கு முன் இரண்டு சோதனைகளை நீங்களே செய்து பாருங்கள்.

வழியும் எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து பாருங்கள். கெட்டியான கரிய கிரீஸ் மட்டும் பந்து போன்ற பகுதியில் மெல்லிதாகப் படிந்திருந்தால் அவசரமில்லை. மாறாக, அது கூழ்போல நீர்த்து, கந்தக நெடியோடு கியர் ஆயில் வாடை வீசினால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில் செல்லும் குழாயின் முனையில் இருக்கும் உள் சீல் போய்விட்டது என்று பொருள். டிஃப்ரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்க வேண்டிய ஆயில் அந்தச் சீலைக் கடந்து நக்கிளுக்குள் வந்து, அங்குள்ள கிரீஸைக் கரைத்து, வெளிச் சீல் வழியாகச் சொட்டுகிறது. வெளிச் சீல் கிரீஸைத் தடுப்பதற்கும், மண்ணும் மழைநீரும் உள்ளே போகாமல் காப்பதற்கும் வைக்கப்பட்டதே தவிர, ஆயிலைத் தேக்கி நிறுத்துவதற்கு அன்று. அதனால்தான் எத்தனை முறை மாற்றினாலும் உங்களுக்குக் கசிவு நிற்கவில்லை.

அடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். மறையாவிட்டால் பெரும்பாலும் கிங்பின் பேரிங்கில், அதாவது நக்கிள் இடமும் வலமும் திரும்புவதற்கு மேலும் கீழும் உள்ள பேரிங்கில். உதறலுக்கு டயர் பேலன்ஸ், டை ராடு (ஸ்டீயரிங்கின் திருப்பத்தை நக்கிளுக்குக் கடத்தும் கம்பி) முனை, ஸ்பிரிங் புஷ் ஆகியவையும் காரணமாகலாம் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிங்பின் பேரிங்கைக் கழற்றியதும் அதன் வெளி வளையத்தை வாங்கி, உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வண்டி நேராக ஓடும்போது உருளைகள் நிற்கும் இடங்களில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் அதில் தடுக்கும். அந்த வளையத்தை மீண்டும் போட அனுமதிக்காதீர்கள்.

இந்த வேலையில் கூலிதான் பெரிய செலவு. சிறிய உள் சீல் ஒன்றை மாற்றவும் சக்கரம் பூட்டப்படும் ஹப், அதைத் தாங்கும் ஸ்பிண்டில், திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பான சிவி ஜாயின்ட்டோடு ஆக்ஸில் என்று அனைத்தையும் கழற்றியாக வேண்டும். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு கிங்பின் பேரிங்குகள், உள் சீல், வெளிச் சீல், கேஸ்கெட்டுகள் ஆகியவற்றைப் புதிதாகப் போடாமல் மூடுவது, அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க ஒப்புக்கொள்வதாகும். ஸ்பிண்டிலுக்குள் ஆக்ஸிலைத் தாங்கும் வளையமான புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். அது தேய்ந்தால் ஆக்ஸில் மையத்தில் நிற்காமல் ஆடி, புதுச் சீலையும் தின்றுவிடும். ஆக்ஸில் கூட்டின் (ஹவுசிங்) மேல் உள்ள காற்றுப்போக்கியான பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தாலும், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். செலவே இல்லாத இந்தச் சுத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

தொகுப்பாக வாங்குவதைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. ஜிப்சி, சுசுகி எஸ்ஜே410 குடும்பத்தைச் சேர்ந்தது, 1985இல் இந்தியாவுக்கு வந்தது, பின்னர் 1.3 லிட்டர் எஞ்சினோடும் விற்கப்பட்டது. வெளிநாட்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் சாமுராய் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. பெயரைப் பார்த்துப் பணம் செலுத்தாதீர்கள். கழற்றிய சீலின் அளவுகளையும் பேரிங்கின்மேல் பொறித்த எண்ணையும் ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். என் கருத்தில், சீல்களை நிறுவனத்தின் அசல் பாகமாகவும், பேரிங்குகளை அதே எண்ணில் பெயர்பெற்ற தயாரிப்பாகவும் தனித்தனியே வாங்குவதே நல்லது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி உறையின்மேல் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும். அவை இல்லாத பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டும்போது ஒரு அளவை நீங்கள் நேரில் நின்று பார்க்க வேண்டும். வெளிச் சீலைப் பொருத்துவதற்கு முன், நக்கிளின் டை ராடு துளையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால், ஏறக்குறைய 1.0 முதல் 1.8 கிலோ வரையிலான விசையில் அது நகரத் தொடங்க வேண்டும். ஷிம் எனப்படும் மெல்லிய இடைத் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிசெய்வார்கள். பயணப் பெட்டிகளை எடைபோடும் சிறு தராசே இதற்குப் போதும். தராசே வேண்டாம், கை அறியும் என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க நான் தயங்குவேன்.

முதல் பட்டறையைப் பற்றி: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் பெற்றுச் செய்த பழுதுபார்ப்பில் உள்ள குறை சேவைக் குறைபாடாகும். முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதன் பின்னும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீது உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை; பணம் செலுத்திய வங்கிப் பதிவும் குறுஞ்செய்திகளும்கூட உதவும். நக்கிளைப் பிரிப்பதற்குள் இன்னொன்றையும் செய்யுங்கள். கூலியை மிச்சப்படுத்த, சிலர் வெளிச் சீலைப் பிளேடால் வெட்டி, எதையும் கழற்றாமலே சுற்றி மாட்டிவிடுவதுண்டு. உங்கள் சீலில் அப்படி வெட்டிய தடம் தெரிந்தால், வண்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்து, இரண்டாவது மெக்கானிக்கிடம் அவர் கண்டதை எழுதி வாங்கி, அந்தச் சீலையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.