32 வயதில் மாதவிலக்கு நின்றால் அது மெனோபாஸா?

கேள்வி: எனக்கு 32 வயது, இன்னும் குழந்தை இல்லை. சில வருடங்களுக்கு முன் இடது சினைப்பையில் சாக்லேட் கட்டிக்கு (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டி) அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) 48 இருக்கிறது. சினைப்பை செயலிழந்துவிட்டது என்கிறார்கள். இது மெனோபாஸா? தங்கைக்கும் வருமா?

பதில்: மெனோபாஸ் இல்லை. மெனோபாஸுக்குப் பிறகு சினைப்பை மறுபடி வேலை செய்யாது. 40 வயதுக்கு முன் வரும் இந்தப் பிரச்சினையில் அது விட்டுவிட்டு இயங்கும். 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத் தானாகவே கரு தங்குவதும் உண்டு. அதனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, அதோடு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பரிசோதனைகள். எஃப்.எஸ்.ஹெச். 25-ஐத் தாண்டினாலே சந்தேகம் வலுக்கும். தெளிவில்லாவிட்டால் நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இந்த எஃப்.எஸ்.ஹெச். எண்தான் கோளாறு எங்கே என்று காட்டுகிறது. எஃப்.எஸ்.ஹெச். குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அதை இயக்கும் ஹைபோதலாமஸ் பக்கம் தேட வேண்டும்: கடுமையான பட்டினி, புரோலாக்டின் கட்டி, பிரசவத்தில் அதிக ரத்தம் போய் பிட்யூட்டரி பாதிக்கப்படுவது. உங்களைப் போல அதிகமாக இருந்தால் பழுது சினைப்பையில். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் கருமுட்டைப்பைகளே தீர்ந்துவிடும். மற்றதில் அவை இருந்தும் ஹார்மோனின் கட்டளைக்கு அசையாது.

சாக்லேட் கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல திசுவும் கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனால் ஒரு பக்க அறுவை சிகிச்சை மட்டும் மாதவிலக்கை முழுதாக நிறுத்துவது அரிது. வலது சினைப்பை சமாளித்திருக்க வேண்டும். அதனால் பழியை ஆபரேஷன் மேல் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்தாதீர்கள். குரோமோசோம் பரிசோதனை (ஒரு எக்ஸ் குரோமோசோம் குறையும் டர்னர் குறைபாடு அரைகுறையாக இருந்தால் இந்த வயதுவரை தெரியாமலே போகலாம்), ஃப்ராஜைல் எக்ஸ் மரபணு (குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது, ஆண் குழந்தைகளுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு தரலாம்), தைராய்டு மற்றும் அட்ரீனல் சுரப்பிகளை உடலே தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள், மூன்றையும் கேளுங்கள். புற்றுநோய்க்கு கீமோவோ இடுப்பில் கதிர்வீச்சோ எடுத்தவர்களுக்குக் காரணம் வெளிப்படை. இத்தனையும் செய்து எதுவும் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

தங்கைக்கான பதில் ஃப்ராஜைல் எக்ஸ் முடிவில் இருக்கிறது. உங்களிடம் அந்த மாற்றம் இருந்தால் அவரும் பரிசோதிக்க வேண்டும். குடும்பத்தில் மனவளர்ச்சிக் குறைபாடுள்ள ஆண் குழந்தைகள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், குழந்தை விஷயத்தில் மூழ்கிப் பலரும் மறப்பது ஹார்மோன் மாத்திரையை. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பும் இதயமும் பல வருடம் தவிக்கும். 'ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வரும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வது மெனோபாஸைத் தாண்டியவர்களைப் பற்றிய பயம். உங்கள் உடலில் இந்த வயதில் இருக்க வேண்டியதைத்தான் நிரப்புகிறோம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் 50 வயதை ஒட்டி வரை எடுப்பது நல்லது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்றும் எடுத்துவிடுங்கள்.

குழந்தைக்கு உறுதியான வழி தான முட்டை. இந்தியாவில் 2021 சட்டப்படி 23 முதல் 35 வயதுள்ள பெண் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தானம் தரலாம். சினைப்பையை 'உயிர்ப்பிக்கிறோம்' என்று பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்தின் பிளேட்லெட் செறிவு), ஸ்டெம் செல் ஊசி விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். பலன் இன்னும் நிரூபணமாகவில்லை. மேலே சொன்ன ஹார்மோன் மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்தப்போக்கு தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.